ஒன்பதாயிரத்து எண்ணூறு

மடிப்பு விழுந்த இடங்களில் நைந்துபோயிருந்த அந்தத் தாளைத் தங்கையின் கணவர் மறுபடியும் விரித்தார். காலையிலிருந்து இது ஆறாவது ஆள். மகளைக் கிடத்தியிருந்த பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, வந்தவரின் மூக்குக்கு நேராகத் தாளை நீட்டினார்.

"பாருங்க சார், வெள்ளை அணு ஒன்பதாயிரத்து எண்ணூறு. பக்கத்துலயே நார்மல்னு அச்சாகியிருக்கு. இதுக்கு மேல ஒரு தகப்பன் என்ன பண்ணுவான் சொல்லுங்க? கீழ பாருங்க, நம்ம அக்கா கையெழுத்துதான்."

வந்தவர் தாளைப் பார்த்தார். பிறகு சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த அக்காவைப் பார்த்தார். "எல்லாம் நம்ம கையிலயா இருக்கு" என்று சொல்லிவிட்டு, காற்று வரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் ஊசி பிடித்த கை அவளுடையது. சொந்தத்தில் உள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் ஊசிப் பெரியம்மா. பெட்டிக்குள் இருந்தவள்தான் அந்தப் பெயரை வைத்தது. ஒன்பது வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் வாயாடி. விருந்தாளிகள் எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள் என்று விருந்தாளிகளிடமே கேட்கிறவள்.

தங்கையின் கணவர், அந்த வீட்டு மாப்பிள்ளை, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறவர். குடிக்கிற தண்ணீரில் ஒரு மீட்டரை நனைத்து, அதில் ஓடும் எண்ணைக் காட்டி, குடித்தனக்காரர்களைக் கதிகலங்க வைப்பது அவர் தொழில். எண்ணைக் காட்டிவிட்டால் வாயை மூட வேண்டியதுதான் என்பது அவர் படித்த ஒரே பாடம். இன்றைக்கும் வியாபாரம் நடக்கிறது என்று பெரியம்மா நினைத்தாள்.

நடந்தது இவ்வளவுதான். போன திங்கட்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் வாயாடி தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். ஒருமுறை வாந்தி. தெருமுனை டாக்டர் சட்டைக்கு மேலேயே மூன்று விரலால் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ரத்தப் பரிசோதனை ஒன்று எழுதிக் கொடுத்தார். உள்ளே வீக்கம் இருந்தால் காட்டுகிற இன்னொரு சோதனையும் உண்டு, அதை எழுதவில்லை. மூன்று மணிக்கு ரத்தம் பெரியம்மாவின் மேசைக்கு வந்தது. அவளே மெஷினில் வைத்தாள், அவளே கையெழுத்துப் போட்டாள், உடனே மாப்பிள்ளைக்குப் போன் செய்து சொல்லவும் செய்தாள்.

"தம்பி, கவுன்ட் நார்மல்தான். ஆனா வலி ஆரம்பிச்சு மூணு மணி நேரம்தான் ஆகுது. குடல்வால் வீங்கியிருந்தா இவ்வளவு சீக்கிரம் ரத்தத்துல தெரியாது. நாளைக்குக் காலைல திரும்ப எடுக்கணும். நல்ல டாக்டர் ஒருத்தர் வயித்துல கை வச்சுப் பாக்கணும். ஸ்கேனும் எடுத்துரலாம்."

"நார்மல்னு நீங்களே சொல்றீங்க, திரும்பவும் குத்தணும்னும் நீங்களே சொல்றீங்க. உங்க லேபுக்கு ஆள் பத்தலைன்னா என் பொண்ணுதான் கெடைச்சாளாக்கா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்படிச் சிரித்துச் சொல்வதில் கெட்டிக்காரர். பெரியம்மா போனை வைத்தாள்.

இப்போது வாசலில் கார் நின்றது. தெருமுனை டாக்டரே வந்துவிட்டார். கஞ்சி போட்ட சட்டை, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கக் கையில் ஒரு துணி. பெட்டியருகே நின்று, கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். கூட்டம் அவருக்கு நாற்காலி போட்டது. அதுதான் பெரியம்மாவுக்குத் தாங்கவில்லை. மூன்று விரலுக்கு ஒரு நாற்காலி.

"சின்னப் பிள்ளைங்களுக்கு இதைக் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்மா. எங்க வலிக்குதுன்னு அதுங்களுக்குச் சொல்லத் தெரியாது" என்றார் டாக்டர், பொதுவாக.

"அவளுக்கா சொல்லத் தெரியாது?" என்றாள் பெரியம்மா. குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. "வகுப்புல யாருக்கு எந்தப் பல்லு ஆடுதுன்னு அவ சொல்லுவா டாக்டர். நீங்க கேட்டீங்களா?"

யாரோ இருமினார்கள். டாக்டர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். மாப்பிள்ளை அவசரமாகத் தாளை விரித்து, "டாக்டர் மேல தப்பே இல்லக்கா, ரிப்போர்ட்டைப் பாருங்க" என்று அவளிடமே நீட்டினார். அவள் போட்ட கையெழுத்தை அவளுக்கே காட்டினார். அந்த முகத்தில் ஒன்று கொடுக்கலாமா என்று இருந்தது. இடது கன்னத்தில் சவரம் செய்திருந்தார். வலது கன்னத்தில் செய்யவில்லை. அதுகூட அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

உள்ளறையிலிருந்து தங்கை கூப்பிட்டாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. "அக்கா, இங்க வா."

தங்கை அலமாரியைத் திறந்து வைத்து, மகளின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடித்திருந்தவற்றைத்தான் பிரித்து மடித்தாள். பெரியம்மா கதவைச் சாத்தினாள்.

"உன் புருஷனை அந்தத் தாளைக் கிழிச்சுப் போடச் சொல்லு. பாக்கறவங்க சிரிக்கறாங்க."

தங்கை ஒரு பாவாடையின் நாடாவை நீவிவிட்டாள்.

"அன்னைக்கே சொன்னேன், கேட்டாரா? புதன்கிழமை வலி நின்னுபோச்சாம். 'பாத்தீங்களாக்கா, சரியாயிடுச்சு'ன்னு எனக்கு மெசேஜ் அனுப்பறாரு. குடல்வால் வெடிச்சா கொஞ்ச நேரம் வலி நிக்கும்டி. அதைக் கொண்டாடியிருக்காரு மனுஷன். அப்புறம் வயிறு உப்பி, காய்ச்சல் ஏறினப்பறம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா? ஆபரேஷன் பண்ணி என்ன புண்ணியம்? உள்ள எல்லாம் சீழு. ரெண்டு நாள் அவஸ்தைப்பட்டு…"

"செவ்வாய்க்கிழமை காலைல நீ வருவன்னு நெனச்சோம்" என்றாள் தங்கை.

பெரியம்மா சாத்திய கதவில் சாய்ந்துகொண்டாள்.

"அவர் அப்படிப் பேசினது எனக்கும் கோவம்தான். ஆனா பெரியம்மா வந்துருவாங்கன்னு பிள்ளைகிட்டச் சொல்லி வச்சிருந்தேன். ஊசின்னா ஊரைக் கூட்டுவாளே, அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. வலி வலது பக்கம் எறங்கிருச்சு. காலை நீட்டி நடக்க முடியல. கூடத்துல உக்காந்து சட்டைக் கையை இது வரைக்கும் மடிச்சு விட்டுக்கிட்டா." தங்கை தன் முழங்கைக்கு மேலே தொட்டுக் காட்டினாள். "பத்து மணி வரைக்கும் அப்படியே இருந்தா. 'பெரியம்மாவுக்கு பஸ் கெடைக்கலையா'ன்னு கேட்டா."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"நீ ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றாள் பெரியம்மா.

"பண்ணியிருக்கலாம். உன்னைக் கூப்பிட்டா அவருக்கு அவமானம், கூப்பிடலைன்னா உனக்கு. எனக்கு ரெண்டு பேரையும் பயம்." தங்கை பாவாடையை அடுக்கின் மேல் வைத்தாள். "நீ உன்னைவிட மட்டமா யாரையாவது நெனச்சுட்டா அந்தப் பக்கமே திரும்ப மாட்ட. சின்ன வயசுலேர்ந்தே."

பஸ் கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்குப் பெரியம்மா கைப்பையில் ஊசி, பஞ்சு, இரண்டு குப்பிகள் எல்லாம் எடுத்துக்கொண்டு நிறுத்தம்வரை வந்தாள். பஸ் வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்தவளுக்கு அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. ஆள் பத்தலைன்னா என் பொண்ணுதான் கெடைச்சாளாக்கா. நடத்துனர், "ஏறும்மா, இல்ல எறங்கும்மா" என்றார். இறங்கினாள். மாப்பிள்ளையே கூப்பிடட்டும், பெண்ணுக்கு இன்னும் வலிக்கட்டும், அப்போது தெரியும் என்று நினைத்துக்கொண்டே வேலைக்குப் போனாள். வலிக்கட்டும் என்று நினைத்தது உண்மை. அன்று முழுவதும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் வலி நின்றுவிட்டது என்ற செய்தி வந்தபோது அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அப்போதும், "நல்லது" என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினாள். அவருக்கு உறைக்கட்டும் என்றுதான்.

இதையெல்லாம் தங்கையிடம் சொல்ல வாயெடுத்தாள். தங்கை அடுத்த துணியைப் பிரித்திருந்தாள். பெரியம்மா அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக மடித்தார்கள்.

நான்கு மணிக்கு வண்டி வந்தது. நான்கு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். நான்கு பேருக்கு வேலையே இல்லாத கனம். கூட்டம் முழுக்க ஒரே சமயத்தில் எழுந்ததில் வாசலில் செருப்புகள் கலைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. டாக்டர் தன்னுடையதைக் கச்சிதமாகக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு, காருக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை குவியலுக்கு முன்னால் நின்றார். குனிந்து ஒன்றை எடுத்தார், உற்றுப் பார்த்தார், வைத்தார். வேறொன்றை எடுத்தார்.

"நேரமாகுது" என்றார் ஓட்டுநர்.

"பரவால்ல, நான் இப்படியே வரேன்" என்று வெறுங்காலோடு படியிறங்கினார். வெயிலில் கொதித்துக் கிடந்த தாரில் கால் வைத்ததும் துள்ளித் திரும்பினார்.

பெரியம்மா குவியலுக்குள் கைவிட்டுத் தேடினாள். வீடு வீடாக ஏறி இறங்கி ஒரு பக்கமாகவே தேய்ந்துபோன ஒரு ஜோடி அடியில் கிடந்தது. எடுத்து, தட்டி, படியில் வைத்தாள். அவர் இடது காலை வலது செருப்பில் நுழைத்துக்கொண்டு, அது ஏன் போகவில்லை என்று தெரியாமல் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கால் இல்ல தம்பி" என்றாள்.

அவருக்குக் கேட்கவில்லை. பெரியம்மா படியில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் அவர் கணுக்காலைப் பிடித்துத் தூக்கி, செருப்பை மாற்றி வைத்தாள்.