மீன்காரன் ஐஸ்

பழனியாண்டி தேயிலைத் தோட்டத்தில் தலைக்கங்காணியாக இருந்து ஓய்வுபெற்றவர். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. எதிர் லய வரிசையில் குடியிருக்கும் சிவசாமி வாசலில் நிற்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மகள் பூரணி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியில் மிஞ்சும் இரத்தம் அவளுக்கு வேண்டும். அதில் நூற்றில் ஒன்றாக இருக்கும் குருத்துக்கலத்தை, அதாவது ஸ்டெம் செல்லை, ஒளிரும் சாயம் ஏற்றிய பிறபொருளெதிரி என்ற புரதம் தேடிப் பற்றிக்கொள்ளும். கொழும்பிலுள்ள இயந்திரம் ஒளிர்வதை மட்டும் தனியே பிரிக்கும். அதைச் செய்து காட்டினால்தான் பட்டம்.

கொடியை மண்ணில் புதைக்கிற தோட்டத்தில் யார் இரத்தம் கொடுப்பார்கள்? பழனியாண்டியே நிறைமாதமாக இருந்த மருமகள் பிரேமினியிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். "என் மக அடுத்த வீட்டுல கையேந்தக் கூடாது."

பிரசவமானதும் பூரணி இரத்தப் பையை வெப்பம் புகாத ரெஜிபோம் பெட்டியில் வைத்து, குளிர்ப் பொட்டலங்களைத் துணியில் சுற்றி அடுக்கினாள். அண்ணியைப் பார்க்க அவள் உள்ளே போன நேரம், பழனியாண்டிக்கு மனம் கேட்கவில்லை. கொழும்புக்குப் போகிற வழியில் கினிகத்தேனையைத் தாண்டினால் வெக்கை. கொழும்பு மீனே கெடாமல் இங்கே வருகிறதே! ஆஸ்பத்திரி வாசலில் நின்ற மீன் லொறியில் உப்புப் போட்ட ஐஸ் வாங்கி, பையைச் சுற்றிக் கொட்டி, பெட்டியை மூடி ஒட்டி மகளிடம் கொடுத்தார்.

மறுநாள் போன் வந்தது. "எல்லாமே மினுங்குதுப்பா..." என்றாள். லைன் அறுந்தது.

அது போதும் அவருக்கு. கோயிலடியில் முழங்கினார். "எங்க வீட்டு இரத்தம் ஒண்ணு விடாம மினுங்கியிருக்கு!"

"அப்ப எங்க இரத்தம் சாயத்தண்ணிங்களா, கங்காணியாரே?" என்றார் சிவசாமி.

"அதை நான் வேற சொல்லணுமா?"

ஞாயிற்றுக்கிழமை பூரணி வந்தாள். முகம் கறுத்திருந்தது.

"உயிரோட இருந்தா நூத்துல ஒண்ணுதான் மினுங்கணும்பா. செத்த கலத்துல சாயம் கண்டபடி ஒட்டிக்கும். உப்பு ஐஸோட கடுங்குளிர்ல அத்தனையும் உறைஞ்சு செத்துருச்சு. யாரு ஐஸ் போட்டது?"

"மீனே கெடலையேம்மா..."

"மீனு செத்ததுப்பா! வர்ற மாசம் ஒரே நாள்தான் மெஷின் கிடைக்கும். இரத்தத்துக்கு எங்க போவேன்?"

பழனியாண்டிக்கு ஐஸ் மேல் ஆத்திரம், மெஷின் மேல் ஆத்திரம், தன் வாய் மேல் அதைவிட ஆத்திரம். தோட்டத்தில் அடுத்த பிரசவம் சிவசாமியின் மருமகள் லோகேஸ்வரிக்குத்தான்.

கோட்டு மாட்டிக்கொண்டு எதிர் லயத்துக்குப் போனார்.

"உட்காருங்க கங்காணியாரே."

"உட்கார வரல. உங்க வீட்டு இரத்தம் கொஞ்சம் வேணும்."

"எங்க சாயத்தண்ணியா?"

பழனியாண்டி பல்லைக் கடித்தார். "ஆமா. எங்க வீட்டு இரத்தத்தை நான்தான் ஐஸ் போட்டுக் கெடுத்தேன்."

சிவசாமியின் சிரிப்பு நின்றது. "குடுக்கப் போறது நான் இல்லீங்களே. அவகிட்டயே கேளுங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

லோகேஸ்வரி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பழனியாண்டி தொண்டையைச் செருமி, மறுபடியும் முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார்.