யானையும் சோப்பு டப்பாவும்

"தெரியாது" என்ற சொல் பெரிய மாப்பிள்ளையின் வாயிலிருந்து வந்ததை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மரச்சாமான் கடை வைத்திருப்பவர். கட்டில் வாங்க வந்தவர் இது என்ன மரம் என்று கேட்கத் தொடங்கும்போதே பதில் வந்து விழுந்துவிடும். அந்த மரத்துக்கே அது புதுச் செய்தியாக இருக்கும். வண்டி விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம்.

அவரிடம் இருந்தது உயரமான, கறுப்பு நிறப் பழைய ஜீப். செகண்ட் ஹேண்டில் வாங்கி, அவரே யானை என்று பெயர் வைத்திருந்தார். அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வீட்டில் அவர் சின்ன மாப்பிள்ளை. அவரிடம் இருந்தது வெள்ளை நிறப் புது மாடல். கியர் தானாக மாறும். நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் ஒரு பட்டனை அமுக்கினால் போதும். அதற்குச் சோப்பு டப்பா என்று பெயர் வைத்ததும் பெரிய மாப்பிள்ளைதான். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெள்ளை வண்டி வாசலில் வந்து நின்றால் மாமனாரே, "சோப்பு டப்பா வந்தாச்சு" என்பார். சின்ன மாப்பிள்ளை சிரித்துக்கொள்வார். அவர் மனைவி மட்டும் சிரிக்க மாட்டாள்.

இந்த இரண்டு வண்டிகளையும் ஒன்றுக்கொன்று மோதவிடும் நாள் கடைக்குட்டியால் வந்தது. மூன்றாவது மகள், மாட்டு டாக்டர். மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. பாதி நாள் ஊருக்குள் சுற்றவேண்டும், பாதி நாள் மேலே இருக்கும் தொழுவங்களுக்குத் தனியாக ஏறவேண்டும். ஒரே வண்டி இரண்டுக்கும் ஒத்துவர வேண்டும். கன்று போட முடியாமல் ஒரு மாடு மேலே துடித்துக்கொண்டிருக்கும்போது டாக்டரம்மா பாதி வழியில் சேற்றில் நின்றால் மாடும் போச்சு, கன்றும் போச்சு.

"ரெண்டு மாப்பிள்ளைங்களும் வண்டிய எடுத்துட்டு வாங்க. அந்தப் பாதையிலேயே ஏத்திப் பாத்துடுவோம். எது நல்லா ஏறுதோ அதே மாதிரி ஒண்ண இவளுக்கு வாங்கிடலாம்" என்று மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

விடிந்ததும் கிளம்பினார்கள். கடைக்குட்டி போகும்போது ஒரு வண்டியில் பாதி வழி, இன்னொன்றில் மீதி வழி என்று மாறி மாறி உட்கார்ந்தாள். ஊருக்குள் சோப்பு டப்பாதான் ஜெயித்தது, அதை மறைப்பதற்கில்லை. சந்தில் சுலபமாகத் திரும்பியது. உள்ளே பேசினால் காதில் விழுந்தது. யானையிலோ ஏறுவதற்கே மாமனாருக்கு ஒரு கை கொடுக்கவேண்டியிருந்தது. பள்ளத்தில் விழுந்தால் குடல் தொண்டைக்கு வந்தது.

"ரோட்டுல எல்லா வண்டியும் ஓடும்மா. மலையில பேசு" என்றார் பெரிய மாப்பிள்ளை.

கல்குவாரியைத் தாண்டியதும் பாதை ஆரம்பித்தது. முந்தின நாள் மழை. சரளைக்கல்லும் சேறும் கலந்த ஏற்றம், அதன் உச்சியில் ஒரு தொழுவம். முதலில் சோப்பு டப்பா ஏறியது. நடுவில் கொஞ்சம் வழுக்கி, அடிவயிற்றில் ஒரு கல் உரச, முனகிக்கொண்டே எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தது. பெண்கள் மூன்று பேரும் மாமனாரும் ஓரமாக நடந்து ஏறி உச்சியில் நின்றுகொண்டார்கள்.

அடுத்து யானை. பெரிய மாப்பிள்ளை ஜன்னலைத் திறந்துவைத்து, எல்லோருக்கும் தெரியும்படி, நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் சின்ன லீவரைப் பின்னால் இழுத்தார். முன்னால் பச்சை விளக்கு எரிந்தது. அந்த விளக்கின் மேல் அவருக்கு அசாத்திய நம்பிக்கை. ஆக்சிலேட்டரை மிதித்தார். யானை உறுமிக்கொண்டு பாதி ஏற்றம் வரை வந்தது. அப்புறம் பின்சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்று சேற்றை வாரி இறைத்தன. மறுபடி மிதித்தார். வண்டி பக்கவாட்டில் சரிந்ததே தவிர ஓர் அடி ஏறவில்லை.

மேலே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் காது மடல் சுட்டது.

"டயர்! இந்த டயர்க்காரன நம்பினதுதான் தப்பு!" என்று கத்தினார்.

சின்ன மாப்பிள்ளை மட்டும் இறங்கி வந்தார். ஜன்னல் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்:

"சகலை, முன்னாடி டயர்ல காத்து அதிகம்னு நினைக்கிறேன். கொஞ்சம் இறக்கிவிடட்டுமா?"

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன். இறக்குங்க."

சின்ன மாப்பிள்ளை வலது முன்சக்கரத்தின் அருகே குந்தினார். புஸ் என்று ஒரு சத்தம். எழுந்து இடது பக்கம் போய்க் குந்தினார். அங்கேயும் ஒரு புஸ். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப மெதுவா ஏத்துங்க" என்றார்.

யானை ஏறியது. சேறும் இல்லை, கல்லும் இல்லை என்பதுபோல, மிதிக்கக்கூடத் தேவையில்லாமல், தன்பாட்டுக்கு ஏறி உச்சியில் நின்றது. சோப்பு டப்பா முக்கி முனகிய இடமெல்லாம் இதற்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. மாமனார் கைதட்டினார். பெரிய மாப்பிள்ளை குதித்து இறங்கினார். தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா? காத்துதான் விஷயம். இதெல்லாம் அனுபவம். சகலை வண்டி ஏறினது உண்மைதான், இல்லேங்கல. ஆனா அது ஏறினப்போ எனக்கு மூச்சு வாங்கிடுச்சு. அவர் கடைக் கண்ணாடி மாதிரியே வண்டி, பாக்க நல்லாருக்கும், கீழ விழுந்தா போச்சு!"

மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சின்ன மாப்பிள்ளையின் மனைவி தொழுவத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைக்குட்டி யானையின் பானட்டைத் தட்டிக்கொடுத்து, "முடிவு பண்ணியாச்சு பெரியத்தான். இதேதான் வேணும் எனக்கு" என்றாள்.

இறங்குவதற்கு முன் காற்றடிக்க வேண்டுமே என்று பெரிய மாப்பிள்ளை தன் பம்பை எடுத்தார். நாலு பேர் பார்க்க அதை உபயோகிப்பதில் அவருக்கு ஒரு குஷி. வலது முன்சக்கரத்தில் மாட்டி, அதிலிருந்த அளவு முள்ளைப் பார்த்தார். காலையில் பெட்ரோல் பங்கில் பிடித்த காற்று அப்படியே இருந்தது. இடது சக்கரத்திலும் அப்படியே. இரண்டு புஸ்ஸும் வெறும் பேருக்குத்தான்.

அப்போதுதான் சக்கரத்தின் நட்டநடுவில் இருந்த குமிழ் அவர் கண்ணில் பட்டது. உள்ளங்கை அகலம். அதன் மேல் அப்பியிருந்த பழைய கிரீஸும் மண்ணும் புதிதாக வழிக்கப்பட்டிருந்தன. ஈரச் சேற்றில் விரல் தடம். அடியில் பொடி எழுத்தில் ஒரு பக்கம் "ஃப்ரீ", இன்னொரு பக்கம் "லாக்". அம்புக்குறி லாக்கைக் காட்டியது.

ஒரு நிமிஷம் அவருக்கு எதுவும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக ஓடியது. லீவரை இழுத்தால் மட்டும் போதாது. வண்டியிலிருந்து இறங்கி இந்தக் குமிழையும் கையால் திருப்பினால்தான் முன்சக்கரம் இழுக்கும். வாங்கிய நாளிலிருந்து பச்சை விளக்கு சும்மா எரிந்திருக்கிறது. நாலு சக்கர வண்டி, நாலு சக்கர வண்டி என்று ஊரெல்லாம் மார்தட்டிக்கொண்டு அவர் ஓட்டியது இரண்டு சக்கரம் இழுக்கும் வண்டி. டயர்க்காரரைக் கடை வாசலில் நின்று கண்டபடி பேசியது ஞாபகம் வந்தது. அதைவிட மோசமாக இன்னொன்றும் வந்தது. ஒரு கல்யாண மண்டபத்து மைதானத்தில் யானை சேற்றில் புதைந்து நின்றபோது, பின்னால் தள்ளிக்கொண்டிருந்த சகலை, "முன் வீல்ல ஒரு..." என்று ஆரம்பித்தார். "நீங்க மூக்குக்கண்ணாடியப் பாருங்க சகலை, வண்டிய நான் பாத்துக்கறேன்" என்றார் இவர். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சகலை அதற்குப்பின் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியே சக்கரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னத்தான் பாக்கறீங்க?" கடைக்குட்டி வந்து எட்டிப் பார்த்தாள்.

சொல்லியாகவேண்டும். நாளைக்கு இந்தப் பாதையில் தனியாக வரப்போகிறவள் அவள். சொன்னார். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே, அதற்கு அவர் நாக்கைத்தான் குற்றம் சொல்லவேண்டும். கடையில் பழகிய நாக்கு.

"இங்க பாரும்மா, முக்கியமான விஷயம். மலைக்கு வந்தா இறங்கி இந்தக் குமிழ லாக்குக்குத் திருப்பணும். தார் ரோட்டுக்குப் போனா ஃப்ரீ. இது தெரியாமத்தான் நிறையப் பேரு வண்டியக் குறை சொல்லிட்டுத் திரியறாங்க."

கடைக்குட்டி தலையாட்டினாள். அப்புறம் டாக்டர் மூளை வேலை செய்தது.

"அப்ப முதல் தடவை பின்சக்கரம் மட்டும்தானே சுத்துச்சு? ஏன் லாக்ல இல்ல?"

பெரிய மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான்" என்றார் பின்னாலிருந்து சின்ன மாப்பிள்ளை. "கீழ நிக்கும்போது சும்மா திருப்பிப் பாத்தேன். திரும்ப வைக்க மறந்துட்டேன். காத்து இறக்கும்போதுதான் வெச்சேன்."

மாமனாரின் சிரிப்பு நின்றுபோனது.

"என்ன மாப்பிள்ளை இது? உங்க வண்டி ஜெயிக்கணும்னு அவர் வண்டியில கைய வெக்கறதா? இவளோட உசிரு சமாச்சாரம் இது!"

சின்ன மாப்பிள்ளை தலைகுனிந்து நின்றார். அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து எல்லா கேலியையும் புருஷனுக்காகப் பொறுத்துக்கொண்டவள், இப்போது அவருக்காகக் கூனிக்குறுகி நின்றாள். பெரிய மாப்பிள்ளையால் அதைத் தாங்க முடியவில்லை.

"இல்ல மாமா, அவர் ஒண்ணும் பண்ணல. எனக்குத்தான்... நான்தான் கவனிக்கல" என்றார். அதையும் பாழாய்ப்போன ஒரு சிரிப்போடு சொன்னார்.

"பாத்தீங்களா!" என்று மாமனார் அவர் தோளைத் தட்டினார். "பெரிய மாப்பிள்ளை மனசு யாருக்கு வரும்? சகலைய விட்டுக்கொடுக்க மாட்டேங்கறாரு."

அதற்குமேல் பெரிய மாப்பிள்ளை எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதில் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தபோதுதான் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

இறங்கும்போது எல்லோரும் யானையில் ஏறினார்கள். சின்ன மாப்பிள்ளையின் மனைவியும் அதன் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியில் பார்த்தபோது சோப்பு டப்பா காலி சீட்டுகளோடு, இடைவெளி விட்டு, மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது. பெரிய மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டார். மாமனார் வழிநெடுக அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடிக்கொண்டு வந்தார்.

தார் ரோடு வந்தது.

"பெரியத்தான், அந்தக் குமிழ ஃப்ரீ பண்ணணுமே. நான் பாக்கறேன், காட்டுங்க" என்றாள் கடைக்குட்டி.

இறங்கிப் போய்க் குந்தினார். குமிழைப் பிடித்துத் திருப்பினார். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். ஜன்னல் வழியே எல்லாத் தலைகளும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. சேறு காய்ந்துவிட்டது என்று சொல்லலாம். சகலை முறுக்கியதில் கெட்டுப்போய்விட்டது என்றுகூடச் சொல்லலாம். இன்றைக்கு அதையும் நம்புவார்கள். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது.

வெள்ளை வண்டி பின்னால் வந்து நின்றது. சின்ன மாப்பிள்ளை இறங்கவில்லை.

பெரிய மாப்பிள்ளை எழுந்தார். கடைத்தெருவுக்கே கேட்கும் குரல் அவருக்கு. அந்தக் குரலிலேயே கூப்பிட்டார்:

"சகலை! இது வரமாட்டேங்குது. எனக்குத் தெரியாது. இப்படி ஒண்ணு இருக்கறதே இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். வந்து சொல்லிக்கொடுங்க."

"தெரியாது" என்ற சொல்லை அந்த வாயிலிருந்து கேட்டதுமே மாமனாருக்குப் புரிந்துவிட்டது. பெரிய மாப்பிள்ளையின் மனைவி மட்டும் மெதுவாக, "அப்ப இத்தனை நாளா அந்த டயர்க்காரரத் திட்டினீங்களே" என்றாள். பின்சீட்டுக் கதவு திறந்தது. சின்ன மாப்பிள்ளையின் மனைவி இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல், நேராக வெள்ளை வண்டிக்குப் போய் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். தன்னைக் கடந்து போனவளிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று பெரிய மாப்பிள்ளை நினைத்தார். ஒதுங்கி வழி மட்டும் விட்டார்.

சின்ன மாப்பிள்ளை வந்து அவர் பக்கத்தில் குந்தினார். அவர் குரலில் வெற்றியும் இல்லை, இரக்கமும் இல்லை.

"முறுக்கேறி இருக்கு சகலை. லீவரத் தள்ளிட்டு வண்டியக் கொஞ்சம் பின்னாடி எடுங்க, தானா விட்டுடும்."

பெரிய மாப்பிள்ளை தலையை நிமிர்த்தாமல் ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டார்.