கண்ணுக்கு ஓர் உறை

அந்த வீட்டுக்கென்று அளந்து கொடுத்த தூக்கம் முழுவதையும் புருஷன் ஒருவரே சுருட்டிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் தூங்குவார், சாய்ந்தால் தூங்குவார், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கி இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவார். ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், டாக்டர் ஊசி எடுக்கத் திரும்பிய அந்தச் சின்ன இடைவெளியில், திறந்த வாய் திறந்தபடியே தூங்கிவிட்டார். டாக்டர் பயந்துபோய் நாடி பார்த்தாராம். மச்சினி அவருக்கு வைத்த பெயர் தூங்குமூஞ்சி. நேரில் மாமா, முதுகுக்குப் பின்னால் தூங்குமூஞ்சி. சில நேரம் நேரிலேயும் அதுதான்.

ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் மனிதர் தன் வேலையில் புலி. சோபாவுக்கும் வண்டி சீட்டுக்கும் உறை தைக்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஒரு மூலையில் ரெக்சின் சுருள்கள், இன்னொரு மூலையில் ஆள் உயரத்துக்கு ஸ்பாஞ்சு, நடுவே வெட்டும் மேசை, அதன் தலைக்கு மேல் கண்ணைப் பறிக்கும் பெரிய விளக்கு. கறுப்பு ரெக்சினில் கறுப்பு நூல் ஓட்டுகிறவருக்கு அந்த வெளிச்சம் இல்லாமல் கை ஓடாது.

அந்த வெளிச்சம்தான் வீட்டில் வில்லன். ஏனென்றால் மனைவி ஆஸ்பத்திரியில் ராத்திரி நர்ஸ். நாள் நிரம்பாமல் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வளரும் குழந்தைகளின் வார்டு. இவர் மெஷினைத் துடைத்து வேலையைத் தொடங்கும் நேரத்துக்கு அவள் வேலை முடிந்து வருவாள். படுக்கையறைக்கும் பட்டறைக்கும் நடுவே இருப்பது பாதி பலகை, பாதி கண்ணாடி. வீட்டைக் கட்டியவனுக்கு என்ன யோசனையோ. கண்ணாடியில் பழுப்புக் காகிதம் ஒட்டிப் பார்த்தார்கள், ஜன்னல் வழியாக வெயில் வந்தது. ஜன்னலில் தடித்த திரை போட்டார்கள், வெயிலோடு காற்றும் நின்றுபோய் அவள் தொப்பலாக நனைந்து எழுந்து உட்கார்ந்தாள்.

மெஷின் சத்தம் அவளை ஒன்றும் செய்யாது. "அது ஓடினாத்தான் வீட்ல ஆள் இருக்குன்னு மனசுக்கு நிம்மதியா இருக்கும். நின்னாத்தான் முழிப்பு வந்துடுது" என்பாள். வெளிச்சம்தான் ஆகாது.

மச்சினி மருந்துக்கடையில் ஒரு கண் மறைப்பு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். அது இமையை அழுத்தியது. ரப்பர் பட்டை முடியைப் பிடித்து இழுத்தது. அரை மணியில் அது அறையின் எதிர்ச் சுவரில் பட்டு விழுந்த சத்தம் பட்டறை வரைக்கும் கேட்டது.

இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தவள், ஒருநாள் காலையில் வந்ததும் வராததுமாக வெட்டும் மேசை அருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ராத்திரி பால் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, நின்றபடியே தூங்கிவிட்டாளாம். புட்டி விழுந்த சத்தத்தில்தான் விழித்தாளாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தலைமை நர்ஸ் பார்த்துவிட்டார்.

"திட்டல. திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல" என்றாள் மனைவி. "'திங்கக்கிழமைக்குள்ள நல்லாத் தூங்கி எழுந்து வா. முடியலன்னா பகல்ல துணி ரூமுக்குப் போயிடு. குழந்தைங்க விஷயம், நான் வேற என்ன செய்ய முடியும்?'னு கேக்குறாங்க. அவங்க கேக்குறதும் நியாயம்தான்."

துணி ரூம் என்றால் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்து அடுக்கும் இடம். அவருக்குத் திக்கென்றது. வார்டிலிருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அவள் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தாள். குண்டு, மகாராணி, வக்கீல். வக்கீல் என்கிறவன் உள்ளங்கையளவு இருந்துகொண்டு எதற்கெடுத்தாலும் கையை ஆட்டி ஆட்டி வாதம் பண்ணுவானாம். அவன் எடை ஏறிய செய்தியைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி மலரும் என்று அவருக்குத் தெரியும். அவனைத் தாயின் கையில் தூக்கிக் கொடுக்கும் நாளுக்காகவே அவள் காத்திருந்தாள்.

"கடையில விக்கிறது கெடக்குது. நான் தச்சுத் தர்றேன்" என்றார்.

"சோபாவுக்குத் தைக்கிறவர் கண்ணுக்குத் தைப்பீங்களா?"

"ரெண்டும் உறைதானே!"

சொன்னபடியே அன்றைக்கே தைத்தார். கை பழகின பழக்கம் விடுமா? இரண்டு விரல் தடிமனுக்கு ஸ்பாஞ்சு, மேலே பழுப்பு ரெக்சின், ஓரம் முழுக்கக் கயிறு வைத்து உருட்டிய மடிப்பு, இரட்டைத் தையல். அது போதாதென்று நட்டநடுவில் ஒரு பித்தான் வேறு. மச்சினி வந்து பார்த்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மாமா, இது அக்கா மூஞ்சிக்கா, வேன் சீட்டுக்கா?"

"போட்டுப் பாக்காம பேசாத" என்றார். தானே போட்டுக்கொண்டு மேசையில் மல்லாந்தார். மச்சினி அடுத்த வார்த்தை சொல்வதற்குள் குறட்டை வந்துவிட்டது. எழுந்ததும் "அபாரம்!" என்று மனைவியிடம் நீட்டினார். அவள் போட்டுப் படுத்து, வியர்த்து வழிந்து, நெற்றியில் பித்தான் பதிந்த வட்டத்தோடு எழுந்து வந்தாள்.

அடுத்தது மெல்லிய கறுப்புத் துணியில். அதைச் சோதிக்கப் படுத்தவரை, சீட் உறைக்கு வந்த வேன் டிரைவர்தான் உலுக்கி எழுப்பினார். மனைவிக்கோ, துணி இமை முடியில் உரசி உரசிக் கண் அரித்தது. அதற்கடுத்தது வெல்வெட்டில். அவர் போட்ட மாத்திரத்தில் தூங்கினார். அவளுக்கு மூக்கின் இரண்டு பக்கமும் வெளிச்சம் புகுந்தது. ஒவ்வொரு முறையும் மனிதர் ஒரே பாட்டைத்தான் பாடினார்: "நல்லாத்தானே இருக்கு? எனக்கு உடனே தூக்கம் வந்துச்சே!"

வெல்வெட் உறையை அவர் மடியில் போட்டாள் மனைவி. "உங்களுக்குச் செங்கல்லக் கட்டிவிட்டாலும் தூக்கம் வரும்!"

மச்சினி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "தூக்கம் வராத ஆள்தான் மாமா இத சோதிக்கணும். நீங்க பரீட்சைக்குப் போகாமலே பாஸாகுற ஆளு."

மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "விடுங்க. துணி மடிக்கிறதும் வேலைதானே."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவள் அதை விட்டுக்கொடுக்கிற குரலில் சொன்னதுதான் அவருக்கு முள்ளாகத் தைத்தது.

அது சனிக்கிழமை. மறுநாள் காலை அவள் வந்து சிறிது நேரம் புரண்டு பார்த்துவிட்டு, முடியாமல் எழுந்து தங்கையோடு சமையலறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். இவர் பட்டறை விளக்கை எரியவிட்டபடியே படுக்கையறைக்குப் போனார். அவள் படுக்கும் பக்கத்தில், அவள் தலையணையில், அவள் படுப்பது போலவே ஒருக்களித்துப் படுத்து வெல்வெட் உறையைப் போட்டுக்கொண்டார்.

வழக்கம்போல் தூக்கம் வந்து தூக்கிக்கொண்டு போகும் என்றுதான் நினைத்தார். வரவில்லை. 'துணி மடிக்கிறதும் வேலைதானே' என்ற குரல் காதிலேயே நின்றது. நாளைக்குத் திங்கட்கிழமை. வக்கீலை வேறு யாரோ தாயிடம் கொடுப்பார்கள். இவள் விரிப்பை மடித்துக்கொண்டிருப்பாள். புரண்டார். புரண்டதும் ரப்பர் பட்டையின் கொக்கி காதோரப் பொட்டில் குத்தியது. மறுபக்கம் புரண்டார். உறை நகர்ந்து, மூக்கோரமாகக் கத்தி மாதிரி ஒரு வெளிச்சக் கீற்று உள்ளே வந்தது. கண்ணை இறுக்கினார். இமை துணியில் அழுந்தி வலித்தது. காதுமடல் பட்டைக்கு அடியில் மடங்கி எரிந்தது. அடப்பாவி, இதைத்தான் அபாரம் என்று அவளிடம் நீட்டினேனா? அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்த ஆத்திரத்துக்கு நடுவில்தான் விஷயம் உறைத்தது. துள்ளி எழுந்தார்.

"தூக்கம் வரல! எனக்குத் தூக்கம் வரல!"

உறையைக் கழற்ற மறந்து ஓடியதில் கதவில் முட்டிக்கொண்டார். அதையும் பொருட்படுத்தாமல் சமையலறைக்குள் புகுந்து, கண் மூடிய கோலத்தில், கையை விரித்து நின்றார். "அரை மணி நேரம்! பொட்டுத் தூக்கம் வரல!"

லாட்டரி விழுந்தவன்கூட இப்படிக் கத்தியிருக்க மாட்டான். அக்காவும் தங்கையும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"மாமாவுக்கு மூளை கலங்கிடுச்சு" என்றாள் மச்சினி.

"எங்கெங்க குத்துதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு! வா, மேசை மேல உக்காரு" என்று மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பெரிய விளக்கின் கீழே அவளை உட்கார்த்தி, டேப்பை எடுத்தார். பொட்டிலிருந்து பொட்டுக்கு. புருவத்திலிருந்து கன்ன எலும்புக்கு. மூக்குத் தண்டின் இரண்டு பக்கமும். எத்தனையோ பேர் வீட்டுச் சோபாவை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தவர், சொந்த மனைவியின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு வெளிச்சத்தில் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் இறங்கியிருந்தது.

"உன் மூக்கு இடது பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கு."

"கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துக்கு அப்புறம்தான் தெரியுதா?"

"அதனாலதான் அந்தப் பக்கம் வெளிச்சம் கூட வருது. பேசாத, அளவு மாறும்."

அதற்குப் பிறகு அவர் கையைப் பார்க்க வேண்டுமே! டிரைவர் சீட்டில் உடம்பு அழுந்துகிற இடத்தில் ஸ்பாஞ்சைக் குடைந்து குழியாக்குவது அவருக்குக் கைவந்த வேலை. அதேபோல மெல்லிய ஸ்பாஞ்சில், இரண்டு கண்ணுக்கும் நேராக இரண்டு குழி குடைந்தார். இமை எதிலும் படாமல் உள்ளேயே விழித்துப் பார்க்கலாம். சோபாவின் காலை மறைக்க அடியில் பாவாடை மாதிரி ஒரு துணி தொங்கவிடுவார்களே, அதைப் போலச் சின்னதாக ஒன்றை மூக்குக்கு மேலே, சாய்ந்த பக்கம் கொஞ்சம் கூடுதலாக வைத்துத் தைத்தார். பட்டை அகலமாக, காதுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பிரிந்தது. கொக்கியே வைக்கவில்லை. உலகத்தில் ஒரே ஒரு தலைக்குத் தைப்பதற்குக் கொக்கி எதற்கு? அவள் தலையைச் சுற்றி அளந்து அப்படியே மூட்டிவிட்டார். முகத்தில் படும் பக்கத்துக்கு அவளே போய், துவைத்துத் துவைத்து நைந்துபோன தன் பழைய தலையணை உறையைக் கொண்டுவந்தாள்.

பழக்கதோஷத்தில் ஓரத்துக்குக் கயிறு வைத்து மடிக்கப் போனவரின் கையில் மச்சினி பட்டென்று ஒன்று போட்டாள்.

இதற்கிடையில் வேன் டிரைவர் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். "அண்ணே, என் சீட்டு?"

"கொஞ்சம் பொறுங்க. உசுரு போற வேலை ஒண்ணு ஓடுது." டிரைவர் உறை போட்டு முடித்த தன் சீட் ஒன்றின் மேலேயே உட்கார்ந்து காத்திருந்தார்.

மனைவி உறையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இவர் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், நகம் கடிக்காத குறையாக நின்றார். கட்டில் முனகியது. பிறகு சத்தமே இல்லை. பிறகு அவள் குரல்.

"என்னங்க, வேலை செய்யலையா? எனக்காக இருட்டுல நிக்காதீங்க. லைட்டப் போடுங்க."

அவர் தலைக்கு மேல் பெரிய விளக்கு தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது.

"போட்டுத்தாம்மா இருக்கு" என்றார்.

உள்ளேயிருந்து சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சிரிப்புச் சத்தம். "அய்யோ, நெசமாவா? நான் கண்ணத் தொறந்துதாங்க வச்சிருக்கேன்! சரி, மெஷின ஓட்டுங்க."

ஓட்டினார். மிச்சமிருந்த வேன் சீட் உறைகளை ஒரே மூச்சில் முடித்தார். முடித்துக் காலை எடுத்ததும் கட்டில் முனகியது. சட்டென்று மறுபடி மிதித்தார். முனகல் அடங்கியது. ஓட்டுவதற்கு ஒன்றுமில்லை. நூலைக் கழற்றிவிட்டு, வெறும் மெஷினை ஓட்டினார்.

"அண்ணே, துணியே இல்லாம என்னத்தத் தைக்கிறீங்க?" என்றார் டிரைவர்.

அவர் வாயில் விரலை வைத்துக் காட்டி, உள்ளே கண்ணைக் காட்டினார். டிரைவருக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டிவிட்டுச் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். புது ஸ்பாஞ்சு சுகமாகத்தான் இருந்திருக்கும்.

மனைவி எழுந்து வந்தபோது சாயங்கால வெயில் மேசை வரைக்கும் வந்துவிட்டது. உறை நெற்றிக்கு ஏறியிருந்தது. முகத்தில் ஒரு கோடு கிடையாது, ஒரு வட்டம் கிடையாது. மழையில் கழுவி வைத்த மாதிரி இருந்தாள். பட்டறையில் அவள் கண்ட காட்சி இது: டிரைவர் சொந்தச் சீட்டில் வாயைப் பிளந்து தூங்குகிறார். புருஷன் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டில் கன்னத்தை வைத்து மெஷினின் மேல் சாய்ந்து தூங்குகிறார். கால் மட்டும் மிதியை விட்டு எடுபடவில்லை. மெஷின் துணியும் இல்லாமல், நூலும் இல்லாமல், டர்ர்ர் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

அவள் சத்தமில்லாமல் மெஷின் சுவிட்சை அணைத்தாள். அவர் அசையவில்லை. குனிந்து, தூங்குகிற மனிதரின் உச்சந்தலையில் ஒரு முத்தம் வைத்தாள். தங்கை பார்ப்பதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை.

"துணி ரூமுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லணும்" என்று செருப்பை மாட்டினாள். "இன்னைக்கு நேரத்தோட போறேன். வக்கீல் என்னென்ன கேஸு வச்சிருக்கானோ."

மச்சினி விளக்கின் பக்கம் கையை நீட்டினாள். "மாமா தூங்குறாரே, லைட்ட அணைச்சிடவா?"

"அவருக்கு எதுக்குடி?" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினாள் அக்கா.