அணியத்தில் வைத்த மஞ்சள் முடிச்சு

1

இந்தக் கதை எனக்கு மீன் கூடையோடு வந்தது. அணுபுரம் குடியிருப்பில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே மீன்காரி பூவாயி சொன்னது. கேள்வியைத் தன் குரலில் கேட்பாள், பதிலைப் புருஷன் குரலில் சொல்வாள். எனக்கு அதுதான் வசதி. மற்றவர்களுக்குக் கதை காட்சியாக வருமாம். எனக்கு இரண்டு பேர் பேசுவது காதில் விழுந்தால்தான் கதை. கடல் வர்ணனையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். ஒருமுறை முயன்றேன்:

அன்று கடல் நீலப் பட்டை விரித்தாற்போல—

(அடித்துவிட்டேன். சதுரங்கப்பட்டினத்துக் கடலை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். ஒருநாளும் அது பட்டு மாதிரி இருந்ததில்லை.)

ஏன் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஸ்வாதி உயிரோடு இருக்கிறாள். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர் பூவாயியின் புருஷன் மாயவன். இரண்டு வருடமாகச் சொல்லாமல் இருக்கிறேன்.

2

2007. மாமல்லபுரத்துக்குத் தெற்கே அப்பாசாமி என்பவரின் படகுப் பட்டறை. சுனாமிக்குப் பிறகு மீனவர்களுக்கு ஃபைபர் படகு செய்து கொடுத்த இடம். அங்கேதான் அறுபதடி நீளத்தில், பெருங்கடல் பந்தயத்துக்கு ஒரு பாய்மரப் படகு செய்தார்கள். அதில் போகவிருந்த ஐந்து பேரில் ஸ்வாதியும் ஒருத்தி. மூன்று வருடமாக அதே பேச்சு, அதே பயிற்சி. படகுக்குப் பிசின் பூசி அடுக்கு ஒட்டியவர்களில் மாயவன் ஒருவர்.

இந்தப் படகுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பிடும்போது கேட்டதுதான்.

"முன்னாடி மரத்துல செஞ்சாங்கம்மா. அப்புறம் அலுமினியம். அப்புறம் ஃபைபர். இப்ப கார்பன்."

"ஏன்டி மாத்திக்கிட்டே இருக்காங்க?"

"எடைம்மா. எடை குறையக் குறைய வேகம்."

"பத்திரம்?"

"சாம்பாரை ஊத்தும்மா."

அவள் மறைத்து வைத்திருந்த பத்திரிகைகளை எடுத்துப் படித்தேன். தண்ணீருக்குள் ஆழமாக இறங்கும் ஒரு தண்டு, அதன் நுனியில் டன் கணக்கில் ஈயக் குண்டு. காற்று பாயைச் சாய்க்கும்போது படகு கவிழாமல் பிடிப்பது அதுதான். தொண்ணூறுகளில் அந்தத் தண்டு முறிந்து நடுக்கடலில் கவிழ்ந்த படகுகளின் படமும் இருந்தது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் எதையோ கற்றுக்கொண்டு, அடுத்த படகை இன்னும் மெல்லிசாகச் செய்திருக்கிறார்கள். (இந்த இடத்தில் கட்டுரையாளர் என்றால் புள்ளிவிவரம் தருவார். நான் பத்திரிகையை மூடி வைத்தேன்.)

3

சனிக்கிழமை. திங்கட்கிழமை கிரேன் வந்து படகைத் தூக்கி, சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்ற வேண்டும். பட்டறையில் மாயவன் ஸ்வாதியிடம் பேச்சுக் கொடுத்தார்.

"இன்னா ஸ்வாதிம்மா, அறுவதடிய போட்டுட்டு சொவரு இவ்ளோ மெல்லிசா கீது? எங்க படகே இத்த வுடத் தடிமனு."

"உங்களது முழு ஃபைபர்ண்ணா. இது கிரீம் பிஸ்கட் மாதிரி. மேல கார்பன், கீழ கார்பன், நடுவுல ஃபோம்."

"கிரீமு வுட்டுப் போச்சுன்னா?"

"கையகலம் விட்டாலே போதும்ணா. அணியம்* ஒவ்வொரு அலையிலயும் டமால்னு விழும். விட்ட இடம் பெருசாகிட்டே போகும். நாலே நாள்ல கார்பன் தோலே உரிஞ்சிடும்."

"உரிஞ்சா?"

"கரை ஆயிரம் மைல் தள்ளியிருக்கும்."

மாயவன் போய் அணியத்தைத் தடவிப் பார்த்தார்.

* அணியம் என்பது படகின் முன்பக்கம். மாயவனின் மீனவக் குப்பத்தில் எந்தப் புதுப் படகானாலும் கன்னியம்மன் கோயில் குங்குமத்தையும் ஒரு துண்டு மஞ்சளையும் மஞ்சள் துணியில் முடிந்து அணியத்தில் வைப்பார்கள். மரப்படகில் அதைக் கட்டினார்கள். ஃபைபர் வந்தபின் கடைசி அடுக்குக்கு அடியில் புதைத்துவிடுகிறார்கள். தடித்த ஃபைபரை அது ஒன்றும் செய்யாது. என் மகள் போகும் படகு என்பதால் பூவாயி கோயிலில் வைத்து எடுத்து வந்த முடிச்சை, மாயவன் இதிலும் புதைத்திருந்தார். ஃபோமுக்கும் கார்பனுக்கும் நடுவில். அடுக்குகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று சோதிக்க வந்தவரின் கருவி அந்த முனை வளைவில் படியவில்லை. அந்த இடத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

4

ஞாயிறு மதியம், மாயவன் வீடு.

"இன்னாய்யா, கொயம்பத் தொடவே இல்ல?"

"முடிச்ச அணியத்துல வெச்சுட்டேன்டீ."

"எப்பவும் வெக்கறதுதான?"

"அந்தப் படகுக்கு ஆவாதாம். கிரீமு வுட்டுப்பூடுமாம்."

"இன்னா கிரீமு?"

"பிஸ்கோத்து கிரீமு."

"யோவ், காலையிலயே ஊத்திகினியா?"

இதுவரை சிக்கலில்லை. அடுத்த வரியில்தான் எனக்குப் பூவாயி மேல் சந்தேகம். அவள் சொன்னபடி:

"போய்ச் சொல்லுய்யா. பொம்பளப் புள்ள போவுது அதுல."

பிறகு ஒருநாள் கல்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் மாயவனையே பார்த்தேன். நன்றி சொல்லாமல் இதை மட்டும் கேட்டேன்.

"அவளா சொன்னா? வாயத் தொறக்காத, வேலையும் பூடும், அப்பாசாமி அண்ணாத்த உன்ன ஈசிஆர் ரோட்டுல ஓடவுட்டு அடிப்பாருன்னாம்மா!"

எதை வைப்பது? இரண்டையும் விட்டுவைக்கிறேன். அவள் தடுத்திருந்தால் அவர் இன்னும் பெரிய ஆள். தடுக்கவில்லை என்றால் நான் நன்றி சொல்ல இரண்டு பேர்.

5

திங்கட்கிழமை கிரேனின் கொக்கி இறங்கியபோது மாயவன் அதற்குக் கீழே போய் நின்றார்.

"தூக்காத! உள்ள முடிச்சு கீது."

"இன்னாடா முடிச்சு?" என்றார் அப்பாசாமி.

"மஞ்ச முடிச்சு அண்ணாத்த. நான்தான் வெச்சேன்."

"ரேஸ் படகுடா இது! எலுமிச்சம்பயம் கட்ட ஆட்டோவா?"

அணியத்தை அறுத்துப் பார்த்தார்கள். முடிச்சைச் சுற்றிக் கையகலத்துக்குத் தோல் விட்டுப்போயிருந்தது. தண்ணீரையே இன்னும் தொடாத படகில்.

சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. கப்பல் காத்திருக்கவில்லை, பந்தயமும்தான். அடுத்த வருடம் படகை யாரோ வாங்கிப் போனார்கள். ஸ்வாதிக்கு வேறு படகில் இடம் கிடைக்கவில்லை. மாயவனுக்கு அன்றே வேலை போனது. ஸ்வாதி அவரிடம் சொன்னது இவ்வளவுதான்:

"மூணு வருஷம்ணா."

அன்று இரவு அவள் அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள். நான் சமையலறையில் நின்று—

(இந்த வாக்கியத்தைப் பலமுறை பாதியில் விட்டேன். முடித்துவிடுகிறேன்.) —சந்தோஷப்பட்டேன். பெற்ற மகள் தோற்றதற்குச் சந்தோஷப்பட்டேன். அதனால்தான் மாயவனிடம் போகவில்லை. அவருக்கு நன்றி சொன்னால், அவள் இழந்ததைக் கொண்டாடுவது போலாகிவிடும் என்று பயம்.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

ஸ்வாதி வேறொரு படகில் போய் ஜெயிக்கிறாள். (பொய்.)

அப்பாசாமி மனம் மாறி மாயவனைத் திரும்ப அழைக்கிறார். (பொய். மாயவன் மச்சானோடு மீன்பிடிக்கப் போகிறார்.)

போன வாரம் இதுவரை எழுதியதை ஸ்வாதிக்குப் போனில் படித்தேன். கூடுவாஞ்சேரியில் இருக்கிறாள்.

"நான் அழலைம்மா. தூங்கிட்டிருந்தேன்."

"அழுதடி. கேட்டுச்சு."

"சரி, அழுதேன். நீ சந்தோஷப்பட்டது எனக்கு அன்னிக்கே தெரியும். ரசத்துல ரெண்டு தடவ உப்புப் போட்டிருந்த." பிறகு, "இன்னும் அவர்கிட்ட சொல்லலியா நீ? போம்மா. என் பேரையும் சேர்த்துச் சொல்லு" என்றாள்.

ஆகவே நாளைக் காலை குப்பத்துக்குப் போகிறேன். உரையாடல் தயார்.

"வாம்மா. இன்னா, இவ்ளோ தூரம்?"

"..........................................."

அந்தப் புள்ளிகள் என் வரி. எட்டு முறை எழுதி அடித்தேன். 'நன்றி' என்று எழுதினால் மேடைப் பேச்சாகிறது. உங்கள் பிள்ளையை யாராவது கரையிலேயே நிறுத்திக் காப்பாற்றியிருந்தால் என்ன சொல்வீர்களோ, அதை அங்கே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எதை எழுதினாலும் அவர் பதில் எனக்கு இப்போதே கேட்கிறது:

"அட, அதுக்கின்னாம்மா. உக்காரு மொதல்ல. வெயிலு ஏறுது."