உள்ளே எத்தனை பேர்

"காடு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கார்க்காரர் கேட்டபோது நான் டிக்கெட் கவுண்டரைத் திறந்து காலை டீயைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. "இல்ல சார். அப்படி இருந்தா நான் எதுக்கு இந்தப் பொட்டிக்குள்ள உக்காந்திருக்கேன்" என்றேன். பக்கத்து சீட்டில் இருந்த அவர் மனைவி சிரித்துவிட்டாள். அதில் அவருக்குக் கோபம் இரண்டு மடங்காகிப் பணத்தை விட்டெறிந்தார். குனிந்து பொறுக்கினேன். பின் சீட்டில் மீசை அரும்பிய பையன் ஒருவன் இருந்தான். சின்னப் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் அவனுக்கு ஐந்து வயது என்றார்கள். நான் அவனையே பார்த்தேன். அவன்தான் பாவம், வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

நுழைவுக் கட்டணத்தை ஏற்றியவர்கள் எங்கோ குளிர்சாதன அறையில் இருக்கிறார்கள். திட்டு வாங்க மட்டும் நான். உள்ளே போகிற கட்டணம் இரண்டு மடங்கு, காட்டுக்குள் கூடாரம் போட்டு ராத்தங்கினால் மூன்று மடங்கு. பழைய பலகையின் மேலேயே புது விலையை அச்சடித்து ஒட்டிவிட்டுப் போனார்கள். வருகிறவர்கள் அதை நகத்தால் சுரண்டி அடியில் இருக்கும் பழைய விலையைப் படிக்கிறார்கள். படித்துக் காட்டினால் நான் இரக்கப்பட்டு அந்த விலைக்கே கொடுத்துவிடுவேன் என்று நினைப்போ என்னவோ. மூச்சு விடுகிற காற்றுக்கும் சேர்த்தா என்று கேட்கிறார்கள். யானையைப் பார்க்காவிட்டால் பாதிப் பணம் திருப்பித் தருவீர்களா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். ஆரம்பத்தில் பதில் சொன்னேன். இப்போது டிக்கெட்டைக் கிழித்து நீட்டுவதோடு சரி.

சரி, வீட்டுக்குப் போனால் நிம்மதியா என்றால் அங்கேயும் ஒருவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் வீட்டுக்காரர் காட்டுக்குள் ஆட்களை அழைத்துப் போகும் வழிகாட்டி. ஓடைக்கு மேலே இருக்கும் திட்டில் கூடாரம் அடித்து, சமைத்துப் போட்டு, மறுநாள் பத்திரமாக வெளியே கொண்டுவந்து விடுவார். கட்டணம் ஏறியதும் வருவதாகச் சொன்ன கூட்டமெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்வாங்கியது. அந்த விலையை நான்தான் அடுப்படியில் உட்கார்ந்து முடிவு செய்தது போல என்மேல் எரிந்து விழ ஆரம்பித்தார். "உங்க ஆபீஸ்காரங்க என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டாங்க" என்றார் ஒருநாள். "அந்த ஆபீஸ் சம்பளத்துலதாங்க இந்த மாச வாடகை போச்சு" என்றேன். பொய்யில்லையே. அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. உப்பு வேண்டுமென்றால்கூட அவரே எழுந்துபோய் எடுத்துக்கொண்டார். நானும் அவர் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிறகு பரண்மேல் இருந்த கூடாரங்கள் காணாமல் போவதும், ஒட்டுப்புல் அப்பிக்கொண்டு திரும்பி வருவதுமாக இருந்தது. ஓடைப் பக்கம் காட்டு மதில் இடிந்துகிடப்பது எனக்குத் தெரியும். அந்த வழியாக, டிக்கெட் இல்லாமல், பாதி விலைக்கு ஆட்களை உள்ளே கூட்டிப் போகிறார். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பாசத்தில் இல்லை. அவர் மாட்டினால் என் வேலையும் சேர்ந்து போகும்.

அன்றைக்குக் காலையிலும் அவர் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயிருந்தார். மத்தியானத்துக்கு மேல் காற்று வேகமெடுத்தது. மேட்டுக்குப் பின்னால் புகை தெரிந்தது. முதலில் மெல்லிசாக, பிறகு கறுப்பாக. பகலில் உள்ளே போனவர்களைக் காவலர்கள் வெளியே அனுப்பிக் கேட்டை மூடினார்கள். ரேஞ்சர் வேகமாகக் கவுண்டருக்கு வந்தார். எனக்குப் பின்னால் ஒரு பலகை உண்டு. ராத்தங்கப் போகிறவர்களுக்குக் கூடாரத்தில் கட்ட ஓர் ஆரஞ்சு வில்லை கொடுத்து, அதன் ஜோடியைப் பலகையில் மாட்டுவோம். வெளியே வந்ததும் கழற்றிவிடுவோம்.

"உள்ள எத்தனை பேர்?" என்றார். பலகையில் ஒன்றுமில்லை.

"யாரும் இல்ல சார். எல்லாரும் வந்தாச்சு."

"நல்லதாப் போச்சு. ஓடைப் பக்கம் இப்பவே எதிர்த்தீ வெச்சிடலாம். அங்க எரிச்சுட்டா தீ இந்தப் பக்கம் தாண்டாது" என்று தீயணைப்பு ஆட்களுக்குக் கையைக் காட்டினார்.

செல்போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி கூப்பிட்டேன். அதே குரல். அந்த மனுஷன்மேல் எனக்கிருந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் ஓடைக்கு மேலே, திட்டில், அவர் அடுப்பு மூட்டக் கல் அடுக்குவதுதான் கண்முன் வந்தது.

"சார், தீ வெக்காதீங்க. உள்ள ஆள் இருக்கு."

"இப்பத்தானே இல்லேன்ன?"

"டிக்கெட் வாங்காம போயிருக்காங்க. என் வீட்டுக்காரர்தான் கூட்டிட்டுப் போனார்."

ரேஞ்சர் கையைத் தூக்கித் தீயணைப்பு ஆட்களை நிறுத்தினார். "முன்பக்கம் டிக்கெட் கிழிக்கிறது நீ, பின்பக்கம் ஆள் ஏத்துறது உன் புருஷன். நல்லா நடத்துறீங்க குடும்பம். நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதே" என்றார். கவுண்டர் வாசலில் உட்கார்ந்திருந்த ஜீப் டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். தினமும் எனக்கு டீ வாங்கித் தருகிறவன், என்னைத் தவிர அந்த ஆபீஸில் யாரையும் அக்கா என்று கூப்பிடாதவன். "விடுங்க சார், அப்புறம் திட்டலாம். நான் போய் பாத்துட்டு வரேன். அக்கா, நீங்க வயர்லெஸ்ஸை விட்டு நகராதீங்க" என்று சொல்லிவிட்டு ஒரு காவலரை ஏற்றிக்கொண்டு உள்ளே போனான். ரேஞ்சர் தீயணைப்பு வண்டியோடு மேட்டுப் பக்கம் போய்விட்டார். டிரைவரின் குரல் வயர்லெஸ்ஸில் வந்தபடி இருந்தது. "திட்டுல கூடாரம் எதுவும் இல்லக்கா. ஓடைக்குள்ள இறங்கிக் கூப்பிட்டுப் பாக்கறோம்." பிறகு இருமல் கேட்டது.

வாசலில் பைக் வந்து நின்றது. என் வீட்டுக்காரர். சட்டையில் துளிக் கரி இல்லை, தலைகூடக் கலையவில்லை.

"யாரைக் கேட்டுடீ சொன்ன?" என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "டீக்கடையில சிரிக்கிறான். என்னைத் தேடி ஜீப் போயிருக்காம். நாங்க பொகை வாசனை வந்ததுமே இறங்கிட்டோம். எல்லாரையும் பஸ் ஏத்தி அனுப்பிட்டேன். இப்ப என் பேரும் போச்சு, உன் வேலையும் போச்சு. திருப்திதானே?"

"ஒரு போன் பண்ணக் கூடாதா? நான் கூப்பிட்டேனே."

"கீழ வந்ததும் மிஸ்டு கால் மெசேஜ் பாத்தேன்."

"பாத்துமா பேசல?"

"நீ மட்டும் நான் கூப்பிட்டா திரும்பிப் பாக்கறியா?"

அவரை அறைந்திருப்பேன். கையில் வயர்லெஸ் இருந்தது. "தம்பி, அவர் வெளியில வந்துட்டார், திரும்பி வந்துடுங்க" என்று அதில் கத்தினேன். இரைச்சல் மட்டும் வந்தது. மறுபடி கத்தினேன். ரேஞ்சரையும் கூப்பிட்டேன். அந்தப் பக்கமும் இரைச்சல்தான். மேட்டின் மேலிருந்த புகை இப்போது ஓடைக்கு இந்தப் பக்கம் இறங்கியிருந்தது. எதிர்த்தீ வைத்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

"ஜீப்புல யாரு?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"தம்பி. டிரைவர் தம்பி."

அவன் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து கொடுத்தவன். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். உள்ளே ஓடப்போவது போல இரண்டடி வைத்தார், நின்றார். ஓடைப் பக்கத்து மரங்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் வயர்லெஸ்ஸை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினேன்.

"உங்களைத்தானே தேடறான். உங்க குரலைக் கேட்டாத்தான் நிறுத்துவான். பேசுங்க."

அவர் அதை வாங்கினார். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் தடவினார். அவர் விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்தேன். "நான் வெளியதான் இருக்கேன்" என்றார். பொத்தானை விட்டுக் காத்திருந்தார். இரைச்சல். "தம்பி, நான் வெளியதான் இருக்கேன். உள்ள யாரும் இல்ல. வந்துடு." வெளியே ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. கேட் மூடியிருப்பது தெரிந்தும் விடாமல் அடித்தது. அவர் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, வயர்லெஸ்ஸை வாயோடு ஒட்டி வைத்து, உள்ளே யாரும் இல்லை, உள்ளே யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.