கெம்புகல் குன்றின் வயது

ஜோகுபாளையத்தில் குடியிருக்கும் கோவிந்தராஜன் குடும்பத்தார் நால்வரும் எந்த மலையின் உச்சியை அடைந்தாலும், அங்கே ஒரே வயதினராக இருப்பார்கள். அந்த வயது மலைக்கு மலை வேறுபடும். ஆனால் ஒரு மலைக்கு உரிய வயது ஒருபோதும் மாறியதில்லை. மாகளிதுர்காவுக்குப் பத்தொன்பது, சாவன்துர்காவுக்கு முப்பத்து நான்கு, கைவாராவுக்குப் பதினொன்று, சிவகங்கைக்கு அறுபத்திரண்டு. அடிவாரத்தில் முதல் அடி எடுத்துவைத்ததும் மாற்றம் தொடங்கிவிடும். இறங்கும்போது அவரவர் வயது அதே பாதையில் காத்திருந்து அவரவரிடம் வந்து சேரும். நினைவு எதுவும் அழிவதில்லை. குணம் மட்டும் அந்தந்த வயதுக்குரியதாகிவிடும். நால்வரில் ஒருவர் வராவிட்டாலும் எதுவும் நிகழ்வதில்லை.

இது ஊரடங்கு தளர்ந்த ஆண்டில் தொடங்கியது. கோவிந்தராஜன் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடங்களின் இருண்ட குழிகளில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை செய்பவர். ஆறு நாள் கயிறு தூக்குகிறது, ஏழாவது நாளாவது கால் தூக்கட்டும் என்று சொல்லி, மனைவி உஷாவையும் மகன் ஹரிஷையும் நான்கு வயது மகள் இளவேனிலையும் ஞாயிறுதோறும் மலைக்கு அழைத்துப்போனார். அவர்களுக்கு இதிலிருந்த ஒரே சிரமம் துணிதான். முதல் முறை மாகளிதுர்காவில், பாதி வழியிலேயே இளவேனிலின் கவுன் தையல் விட்டுவிட, உஷா அவளைப் போர்வையால் சுற்றி மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. அதன்பின் உஷா ஒரு நோட்டில் மலைகளின் வயதைக் குறித்துவைத்து, அதற்கேற்ற துணிகளைத் தனித்தனிப் பைகளில் மடித்துவைத்தார். சிவகங்கைப் பையில் கண்ணாடிகளும் முழங்கால் பட்டைகளும் இருந்தன. அந்த உச்சியில் நரைத்த தலையுடன் பாறைமேல் அமர்ந்த இளவேனில், தான் வாழாத ஐம்பத்தெட்டு ஆண்டுகளின் களைப்போடு பெருமூச்சு விட்டு, வெந்நீர் கேட்டாள். மாகளிதுர்காவில் தந்தையும் மகனும் பத்தொன்பது வயதுத் தோழர்களாகத் தோளில் கைபோட்டு நின்ற படம் வீட்டுக் குளிர்பெட்டியின்மேல் ஒட்டப்பட்டிருந்தது. இப்படியே ஐந்து ஆண்டுகளில் முப்பத்தொரு மலைகள் ஏறி இறங்கினார்கள்.

முப்பத்திரண்டாவது மலைக்கு முன்னால் ஒரு ஜனவரி மாலை வந்தது. இரண்டாம் பியூசி என்கிற பன்னிரண்டாம் வகுப்பின் முன்தேர்வில் கணக்கில் தோற்றதை ஹரிஷ் வீட்டில் மறைத்திருந்தான். டியூஷன் ஆசிரியர் வழியாக அதை அறிந்த கோவிந்தராஜன், தெருமுனைப் பானிபூரி வண்டியருகே நின்றிருந்த மகனை, அவன் நண்பர்கள் விக்கியும் தருணும் பார்த்திருக்க, கன்னத்தில் அறைந்தார். விக்கியின் தட்டிலிருந்த பூரி நமத்துப்போகும்வரை ஒருவரும் அசையவில்லை. அன்றிலிருந்து ஹரிஷ் அவரை அப்பா என்று அழைக்கவில்லை. வீட்டின் ஒற்றைக் கூடத்தில் கைக்கெட்டும் தொலைவில் இருந்துகொண்டே இருவரும் இளவேனில் வழியாகப் பேசினார்கள்.

“மோட்டார் போட்டாச்சான்னு அண்ணன்கிட்ட கேளு.”

“அண்ணா, மோட்டார் போட்டாச்சான்னு அப்பா கேக்கறாங்க.”

“போட்டாச்சுன்னு அவர்கிட்ட சொல்லு.”

“போட்டானாம். மொகத்த மட்டும் இன்னும் தூக்கியே வெச்சிருக்கான்,” என்று தன் பங்குக்கும் ஒரு வரி சேர்ப்பாள் இளவேனில்.

ஹரிஷ் மலைக்கும் வர மறுத்தான். மற்ற மூவரும் ஏறினார்கள், ஏறியபடியே இறங்கினார்கள். மலைகள் வெறும் மலைகளாக இருந்தன. கோவிந்தராஜன் வீட்டில் ஒருவரிடமும் சொல்லாவிட்டாலும் உஷாவுக்கு அது தெரிந்திருந்தது: ஐம்பத்தொரு வயதில் தன் மகனிடம் மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை, பத்தொன்பது வயதில் வரும். ஹரிஷ் தேர்வில் தேறி, மைசூரில் ஒரு கல்லூரி விடுதியில் சேர வேண்டிய நாளுக்கு முந்தைய ஞாயிறு வந்தபோது, உஷா மகனிடம் ஒரே ஒரு முறை கேட்டார். அவன் தாய்க்காக வருவதாகச் சொன்னான்.

மாகளிதுர்காவில் ஏற அன்றைய முன்பதிவு இடங்கள் தீர்ந்திருந்தன. எனவே மாகடிக்கு அப்பால், இதுவரை ஏறியிராத கெம்புகல் குன்றைத் தேர்ந்தார்கள். அதன் வயது நோட்டில் இல்லை. பாறையின் நிறத்தையும் சரிவையும் படங்களில் பார்த்த உஷா இதுவும் இருபதை ஒட்டித்தான் இருக்கும் என்று கணித்து, மாகளிதுர்காப் பையையே எடுத்துக்கொண்டார். முப்பத்தொரு மலைகளின் அனுபவம் அவரை இந்தத் தவறுக்குள் கொண்டுபோய் நிறுத்தியது.

கால்மணி நேரம் ஏறியதும் ஒன்பது வயது இளவேனிலின் சட்டைக் கை விரல்களை மூடியிருப்பதைக் கண்டு உஷா நின்றுவிட்டார்.

“என்னங்க, பாப்பா வளரல. கொறையறா. திரும்பிடலாம்.”

“இப்ப திரும்பினா அவன் இன்னொரு வாட்டி வருவானா, உஷா?”

உஷா மகளின் சட்டைக் கைகளை மடித்துவிட்டு முன்னே நடந்தார்.

நடுவழியில் கோவிந்தராஜனுக்கு இருபத்தெட்டு வயது, எதற்கும் பின்வாங்கத் தெரியாத வயது. ஹரிஷின் ஷூக்கள் அங்கேயே பெரிதாகிக் கழன்றன. ஒன்றைப் பாதையோரக் கள்ளிச்செடியின் அடியிலும் மற்றொன்றைச் சற்றுத் தள்ளியும் விட்டுச் சென்றான். முக்கால் பாதையில் உஷாவின் செருப்பு, அதற்குமேல் கோவிந்தராஜனின் கனத்த பூட்ஸ் இரண்டும், பிறகு பெல்ட்டும் கால்சட்டையும், நீர் பாட்டில்கள் இருந்த பெரிய பையும் என ஒவ்வொன்றாகப் பாதையில் தங்கின. பத்து வயதில் யாரும் பாதி மலையிலிருந்து திரும்புவதில்லை, அவர்களும் திரும்பவில்லை. முற்பகல் பதினொரு மணிக்கு, முழங்கால்வரை தொங்கும் சட்டைகளோடு, ஐந்து வயதுக் குழந்தைகள் நால்வர் கெம்புகல் உச்சியில் நின்றார்கள்.

உஷா உடனே உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்கத் தொடங்கினார். இளவேனில் தூக்கம் வருகிறது என்று சொல்லிப் பாறையிலேயே தூங்கிப்போனாள். கோவிந்தராஜன் பாறையின் விளிம்பைப் பார்த்தார். குடியாத்தத்தில் தாம் ஐந்து வயதில் எப்படியிருந்தாரோ அப்படியே ஆகி, உரக்க அழுதார். லிஃப்ட் குழிகளுக்கு அஞ்சாத அந்த மனிதர், சிறுவயதில் மூன்று படிக்குமேல் ஏறாதவர் என்பது அன்றுவரை வீட்டில் எவருக்கும் தெரியாது. ஹரிஷோ ஐந்து வயதில் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் பலமுறை ஏறி அடிவாங்கியவன். அவன் அருகில் போய் நின்றான். இடையில் சேதி சொல்ல இளவேனில் விழித்திருக்கவில்லை.

“ஏன் அழுவுற?”

“எறங்கத் தெரியல. வழுக்கும்.”

“நான் இருக்கேன்ல. இந்தா, கடலை மிட்டாய்.”

மிட்டாயை வாங்கிக்கொண்ட கோவிந்தராஜன் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். ஏழு மாதங்களாக அவருக்குள் இருந்ததை மறைக்கத் தேவையான சொற்கள் அந்த வயதில் அவரிடம் இல்லை.

“நான் உன்ன அடிச்சேன்ல.”

“ஆமா.”

“எல்லாரும் பாத்தாங்க.”

“ம். விக்கி கூட பாத்தான்.”

“இனிமே அடிக்க மாட்டேன்.”

“சும்மா சொல்லாத. தலைமேல கை வெச்சு சொல்லு.”

கோவிந்தராஜன் ஒட்டுகிற விரல்களை மகனின் தலைமேல் வைத்துச் சொன்னார். ஹரிஷ் அவர் மூக்கைத் தன் சட்டை நுனியால் துடைத்தான். பிறகு இளவேனிலை எழுப்பி, உஷாவின் கூழாங்கற்களில் ஐந்தை மட்டும் அனுமதித்து, நால்வரையும் கைகோக்கச் செய்து முன்னால் நடந்தான். மேலிருந்து பார்த்தால் ஏறி வந்த பாதை அடையாளம் தெரியவில்லை. ஆனால் கீழே வெயிலில் பை தெரிந்தது, பையிலிருந்து பார்த்தால் கால்சட்டை தெரிந்தது, அங்கிருந்து பூட்ஸ். ஒரு பொருளிலிருந்து அடுத்த பொருளுக்கு அவர்கள் உட்கார்ந்து சறுக்கியும் தவழ்ந்தும் இறங்கினார்கள். கால்சட்டை கோவிந்தராஜனுக்குச் சற்றே பெரிதாகவும், பூட்ஸ் கிட்டத்தட்டப் பொருந்துவதாகவும், உஷாவின் செருப்பு அளவாகவும் இருந்தன. ஹரிஷின் பிடிக்குள்ளிருந்த தந்தையின் சிறிய கை, இறங்க இறங்க வளர்ந்து, எலும்பு தடித்து, கிரீஸ் கறை படிந்த பழைய கையாகி, ஒரு கட்டத்தில் அவனுடைய கையைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. தன் ஷூக்களை மாட்டக் குனிந்தபோதும் ஹரிஷ் அதை விடவில்லை. ஒற்றைக் கையாலேயே நாடாவைச் செருகிக்கொண்டான். அடிவாரத்தில் காலையிலிருந்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மஞ்சுநாத் என்பவர் அவர்களை எண்ணிப் பார்த்து, நால்வரும் இருப்பதில் திருப்தியுற்று, தம் ஆடுகளிடம் திரும்பினார்.

மாகடிப் பேருந்தில் ஒரே ஒரு ஜன்னல் இருக்கை காலியாக இருந்தது. “அப்பா, நீங்க ஜன்னல் பக்கம் ஒக்காருங்க,” என்றான் ஹரிஷ். கோவிந்தராஜன் உட்கார்ந்து, மைசூருக்குப் போகும்போது போர்வை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்து வைத்துவிட்டதாக ஹரிஷ் அவரிடமே சொன்னான். இருவரையும் மாறிமாறிப் பார்த்திருந்த இளவேனில், “அப்ப எனக்கு இனிமே வேலையே இல்லயா?” என்று தாயிடம் கேட்டாள்.

விடுதியிலிருந்து ஹரிஷ் வரும் ஒவ்வொரு விடுமுறையிலும் அவர்கள் வேறு மலைகளுக்கும் போகிறார்கள். கெம்புகல்லை மட்டும் விடுவதில்லை. நோட்டில் அதற்கெதிரே ஐந்து என்று எழுதி, உஷா நால்வருக்கும் துணி தைத்து ஒரு தனிப் பையில் வைத்துவிட்டார். அங்கே போய்வந்த மறுநாள் காலை மாடிக் கொடியில் இரண்டு சிறிய கவுன்களும் இரண்டு சிறிய கால்சட்டைகளும் காயும். எதிர்வீட்டு முத்தம்மா ஒருநாள் தம் துணிகளை உதறிப் போட்டபடியே, யார் வீட்டுக் குழந்தைகளின் துணி என்று விசாரித்தார்.

“எங்களதுதான்க்கா. நேத்து மலைக்குப் போயிருந்தோம்,” என்றார் உஷா.

முத்தம்மா கால்சட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். செம்மண் கறைக்கு வெறும் சோப்பு போதாது, இரவே சோடாவில் ஊறப்போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, தம் கடைசிப் புடவையை விரித்துக் கொடியில் போட்டார்.