பலகையா, பனிவீசியா

டிராக்டரைப் பின்னுக்கு நகர்த்திக் கொட்டகைக்குள் விடும்போதே இங்கெலா இரண்டு தடவை எஞ்சினை அணையவிட்டாள். நாற்பது வருஷமாக இந்த வண்டி புருஷன் ஹில்டிங்கின் சொத்து. இவள் ஏறி உட்கார்ந்தாலே, "கிளட்சைத் தின்னுடுவே, இறங்கு" என்று கத்துவான். இன்றைக்குக் கத்த ஆளில்லை. ஆள் இருக்கிறான், உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறான், கத்தத்தான் மூச்சில்லை.

ராத்திரி முழுக்கக் கொட்டிய பனி விடிந்தும் ஓயவில்லை. வீட்டிலிருந்து ஊர்ச்சாலைக்கு வயல் நடுவே இறங்குகிற நீளமான வழி இருந்த இடமே தெரியவில்லை. நர்ஸ் மாலின் போனில் சொல்லிவிட்டாள்: "சாலை வரைக்கும் வந்துடுவேன் இங்கெலா. வலி ஊசியும் கையில இருக்கு. மேலே ஏற மட்டும் வழி பண்ணிக் குடுங்க." பக்கத்துப் பண்ணைக்காரன், பெர்த்தில் என்று பெயர், ஊர்ச்சாலைப் பனியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "சாயங்காலத்துக்கு முன்ன என்னால ஆகாதும்மா" என்றான்.

சாயங்காலம் வரைக்கும் ஹில்டிங்குக்குப் போட்ட மருந்து தாங்காது. ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன், இந்தக் கட்டிலிலேயே போகிறேன் என்று அவன் அடம்பிடித்தபோது, சரி, ஆனால் வலியில் துடிக்க விடமாட்டேன் என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கு இப்போது பனிக்கு அடியில் கிடந்தது.

கொட்டகையில் இரண்டு சாமான் இருந்தன. ஒன்று இரும்புப் பலகை. வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு முன்னே பார்த்து ஓட்டினால் போதும், பனியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே வரும். இன்னொன்று பனிவீசி. பல்லுப் பல்லாகச் சுழன்று பனியை வாரிக் குழாய் வழியாகத் தூர எறிகிற ராட்சசன். அதையும் பின்னால்தான் மாட்ட வேண்டும். ஆனால் வழி நெடுக வண்டியைப் பின்னோக்கியே ஓட்ட வேண்டும், கழுத்து ஒடியத் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

எதை மாட்டுவது என்று காலையிலேயே கட்டிலருகே சண்டை.

"பலகையை மாட்டு," என்றான் ஹில்டிங். "லேசான பனிதான். சட்டுனு இறங்கிடலாம்."

"ரெண்டு பக்கமும் ஏற்கெனவே ஒதுக்கின பனி கரையா என் இடுப்பு உசரம் நிக்குது. பலகை எங்கே போய் ஒதுக்கும்? வீசிதான் சரி."

"வீசின்னா நேரமாகும்டி. வண்டியிலேருந்து அதைச் சுழட்டுற தண்டு சுத்துறப்ப கோட்டு நுனி மாட்டுச்சுன்னா ஆளையே இழுத்துடும்."

"வாங்கும்போது மட்டும் அதைவிட்டா உலகத்துல வேற மிஷினே இல்லேன்னே? ரெண்டு குளிர்காலம் அதைப் பத்தியே பேசி என் உயிரை எடுத்தே."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாகிவிட்டது. அவள் காட்டுப்பழக் கஞ்சியை ஒரு கரண்டி ஊட்டினாள். பாதி தாடையில் வழிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்:

"கரைக்காக இல்ல. எனக்குத் தெரியாதா? வீசியில போனா வண்டி மூஞ்சி வீட்டைப் பாத்து இருக்கும். ஜன்னலைப் பாத்துக்கிட்டே போகலாம்னு பாக்குறே."

அவள் மேஜை விளக்கை எடுத்து வந்து ஜன்னலில் வைத்தாள். ஒயரிலிருந்த சுவிட்சை அவன் கைக்குள் திணித்தாள்.

"எரியுற வரைக்கும் நீ நல்லா இருக்கேன்னு அர்த்தம். முடியலேன்னா அணைச்சுடு. ஓடி வந்துடறேன்."

"வந்தா வழி அப்படியே கிடக்குமே?"

"அது என் பாடு."

"பலகைதான், இங்கெலா," என்றான் மறுபடியும். "போயிட்டுச் சீக்கிரம் வா."

அவள் வீசியைத்தான் மாட்டினாள்.

மதியம்தான், ஆனால் இந்தப் பக்கத்துக் குளிர்காலத்தில் அதற்குள் வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. வண்டி உறுமிக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு இறங்கியது. பின்னால் திரும்பினால் ஒரே வெள்ளை, எது வழி எது பள்ளம் என்று தெரியாத வெள்ளை. சக்கரம் ஒருமுறை சறுக்கியது. முன்னால் திரும்பினாள். மேலே ஜன்னலில் மஞ்சளாக ஒரு புள்ளி. எரிகிறது. சரி, இருக்கிறான். மறுபடி பின்னால்.

திருப்பத்தில் டமார் என்று ஒரு சத்தம். வீசி நின்றுவிட்டது. மண் உறைவதற்கு முன்னால் வழியோரம் அடையாளக் குச்சிகள் நடுவார்கள். வருஷா வருஷம் ஹில்டிங் நடுவான், இந்த வருஷம் இவள் நட்டாள். ஆழமாக அடிக்காத குச்சி ஒன்று சாய்ந்து பனிக்குள் படுத்திருந்தது. அதை ராட்சசன் விழுங்கிவிட்டான். இப்படி ஏதாவது சிக்கினால் இயந்திரத்தைக் காப்பாற்றத் தான் உடைந்துகொள்கிற போல்ட் ஒன்று உண்டு, அது உடைந்திருந்தது.

"பாவி, ஒரு குச்சி ஒழுங்கா அடிக்கத் தெரியல உனக்கு," என்று தன்னையே திட்டிக்கொண்டு எஞ்சினை அணைத்தாள். தண்டு சுழல்வது நிற்கும்வரை காத்திருந்தாள். இருக்கைக்கு அடியில் டப்பாவில் புது போல்ட் வைத்திருந்தான், மகராசன். கையுறையோடு மரை ஏறவில்லை. கழற்றினாள்; விரல் தோல் இரும்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. போல்ட் இரண்டு தடவை பனிக்குள் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் தேடி எடுத்து, தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். எரிந்துகொண்டிருந்தது. "இதோ ஆச்சு, இதோ வந்துட்டேன்," என்று அந்தப் புள்ளியிடம் சொன்னாள்.

கீழே மாலினின் கார் விளக்கு தெரிந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. காருக்கு வழிவிட்டுத் தானும் அதிலேயே ஏறிக்கொண்டாள். "பாருங்க, விளக்கு எரியுது," என்றாள். "நல்லாத்தான் இருக்கான்."

ஹில்டிங்கின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. கட்டைவிரல் சுவிட்சின் மேல் இருந்தது.

மாலின் அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை. மருந்துப் பை திறக்கப்படவே இல்லை.

"கை ஆறிப்போச்சு, இங்கெலா. கொஞ்ச நேரம் ஆகியிருக்கும்."

"எரிஞ்சுதே? வழி பூரா எரிஞ்சுதே?"

மாலின் எழுந்து, ஊர் வழக்கப்படி உயிர் போக ஜன்னலைத் திறந்துவிட்டாள். குளிர் வந்து மூஞ்சியில் அறைந்தது. செத்தவன் எப்படி விளக்கை அணைப்பான் என்று இங்கெலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவ்வப்போது அணைத்து ஏற்று என்று சொல்லியிருக்க வேண்டும். அதைவிட அந்தக் கட்டைவிரல்தான் அவளைக் குடைந்தது. அமுக்க முடியாமல் போனானா, வழி பாதியில் நின்றுவிடுமே என்று அமுக்காமல் கிடந்தானா? அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள்.

மறுநாள் சவவண்டி வருவதற்குள் மறுபடியும் பனி மூடிவிட்டது. சாலையோரம் நின்ற டிராக்டரைப் பெர்த்தில் முதல் நாளே மேலே கொண்டுவந்து, வீசியைக் கழற்றி வைத்திருந்தான். இப்போது உச்சி ஒடித்த இரண்டு சின்ன ஊசியிலைக் கன்றுகளைக் கொண்டுவந்து வழி முனையில் பக்கத்துக்கு ஒன்றாகப் பனியில் ஊன்றினான். சாவு வீட்டு அடையாளம்.

"நீ உள்ள போய் உக்காரும்மா. என் வண்டியில நான் ஒரு இழுப்பு இழுத்துடறேன்."

"நம்ம வழி. நானே போறேன்."

"சரி, வா, வீசியை மாட்டித் தரேன்."

"வேண்டாம்," என்றாள் இங்கெலா. "பலகை."

வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக ஓட்டினாள். அவன் சொன்னது சரிதான், சட்டென்று இறங்கியது. பனி தானாக ஓரம் போனது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கன்றுகளுக்கு நடுவே வந்து சாலையைத் தொட்டதும் வேறு வழியில்லை, வண்டியைத் திருப்பித்தானே ஆக வேண்டும்.

திருப்பினாள். மேலே ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் அணைக்கவில்லை.